சுபம் போடாத படம்

சாத்தம்பாடி கூட்டுரோட்டை ஒட்டிய திடலில், தனபாக்கியம் அம்மாளின் டூரிங் டாக்கீஸ் கூடாரத்துக்குள், 'பூங்கோதையின் பொறுமை' என்ற படம் முடியவேண்டிய இடத்தில் முடியாமல் மேலே ஓடத் தொடங்கிய மாலையில், மணலில் உட்கார்ந்திருந்த தரை டிக்கெட்டுக்காரர்களோ, முதுகு சாய வழியில்லாத பெஞ்சுக்காரர்களோ, மூட்டைப்பூச்சியோடு சேர்த்து வாடகைக்கு விடப்பட்ட நாற்காலிக்காரர்களோ யாரும் வாயைப் பிளக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் ஒரு கூச்சலை எதிர்பார்க்கிறார்கள். கூச்சல் ஏதும் இல்லை. வில்லன் ஜமீன்தார் மார்த்தாண்டனைப் போலீஸ் வண்டியில் ஏற்றியாகிவிட்டது, பிரிந்திருந்த எழிலனும் பூங்கோதையும் ஒன்று சேர்ந்தாகிவிட்டது, "வாங்க, உள்ளே போகலாம்" என்று பூங்கோதை கதவைத் திறந்தாகிவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் ஓர் அட்டை வரும், அட்டையில் 'சுபம்' என்று வரும், விளக்கு எரியும், எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். அன்று அட்டை வரவில்லை. இருவரும் உள்ளே போனார்கள். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தலை வலிக்குது, கொஞ்சம் காப்பி போடேன்" என்றான்.

"வலிக்காதா பின்ன, கோர்ட்டுல அந்த அழுகை அழுதான்," என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி.

"காப்பிக்கு எங்க போறது? காலையில வெச்ச பாலு. திரிஞ்சிருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

பால் திரிந்துதான் இருந்தது. பூங்கோதை கடுங்காப்பி போட்டாள், அவன் குடித்தான், அவளும் குடித்தாள், பிறகு பாய் விரித்து, எங்கோ மழை பெய்கிற சத்தத்தைக் கேட்டபடி சிறிது நேரம் கொசுவைப் பற்றிப் பேசிவிட்டு விளக்கை ஊதி அணைத்தார்கள். திரை இருண்டது. ஆபரேட்டர் ரவூப் பாயும் தன் மெஷினை அணைத்தார். "தூங்கறவங்க மேல வெளிச்சம் அடிக்கிறது மரியாதை இல்ல," என்று அவர் சொன்னதை எல்லோரும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் மாலை அதே ரீலை மாட்டியபோது, அங்கே பொழுது விடிந்து பூங்கோதை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அற்புதங்களுக்குக் காரணம் தேடுவது வேலை இல்லாதவர்களின் வேலை. ஆனால் தவறுகளுக்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லலாம். அதற்கு ஆடுதுறை அம்பலவாணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்பலவாணன், மீசை முளைக்கும் முன்பே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் போட்டவர். குரல் உடைந்ததும் திரைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர். எடுத்துக்கொடுத்த வசனங்கள் தன் காதுக்கே சப்பென்று இருந்ததால் தானே எழுத ஆரம்பித்தவர். நாடகங்கள் படமானபோது வசனங்களோடு வசனமாகக் கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் எழுதிய படத்தில் ஒரு வழிப்போக்கனுக்குத் தாகம் எடுத்தால், "தவித்து நிற்கும் தமியேனின் தாகம் தணிக்கத் தண்ணீர் தருவாயா, தாயே?" என்று கேட்பான், "தண்ணீர் மட்டுமா, தம்பி, தரணியே கேட்டாலும் தயங்காமல் தருவேன்" என்று அவள் சொல்வாள், நிஜ மனிதனாக இருந்தால் அதற்குள் மயக்கம் போட்டிருப்பான். ஆனால் தியேட்டரில் விசில் பறந்தது, பாட்டுப் புத்தகத்தோடு வசனப் புத்தகமும் விற்றது, கல்லூரி மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து ஒருவரையொருவர் துன்புறுத்தினார்கள். நீதிமன்றம் இல்லாமல் அவர் படம் கிடையாது. சாகாத கதாநாயகியும் அநேகமாகக் கிடையாது. காசநோயில் சிலர், கிணற்றில் சிலர், கதாநாயகனுக்கு வந்த குண்டைக் குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொண்டவர்கள் சிலர் என்று பல பெண்களை அவர் கொன்றிருக்கிறார். கொன்றுவிட்டு, கை கழுவி, மனைவி செண்பகத்தின் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. படத்தின் முடிவில் வரும் 'சுபம்' அவருடைய சொந்தக் கையெழுத்தாக இருக்க வேண்டும். நாடகங்களில் மங்களம் பாடித் திரைபோட்ட வழக்கம் படங்களில் சுபமாக மாறியது என்பார்கள்; யார் செத்திருந்தாலும், எத்தனை பேர் செத்திருந்தாலும் சுபம்தான். வசனக் கட்டின் கடைசித் தாளில், கடைசி வசனத்துக்குக் கீழே, யானைத் துதிக்கைபோலச் சுருண்ட சுழியோடு அவர் சுபம் எழுதுவார். அந்தத் தாளைத்தான் அப்படியே படம் பிடித்து ஒட்டுவார்கள். வேறு யார் எழுதினாலும் அது அவர் படத்தின் முடிவு இல்லை என்பது கோடம்பாக்கம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

'பூங்கோதையின் பொறுமை'யில் பூங்கோதை காசநோயில் இறந்து, அதன் கீழே சுபமும் போட்டாகியிருந்தது. படம் பார்த்த விநியோகஸ்தர், "இந்த வருஷத்துல இது மூணாவது காசம், ஜனங்க இருமறதுக்கா டிக்கெட் வாங்குறாங்க?" என்று கேட்டுவிட்டார். முடிவை மாற்ற வேண்டியதாயிற்று. கதாநாயக நடிகர் வேறு படப்பிடிப்புக்குப் புறப்பட்டு, அவருடைய கார் உறுமிக்கொண்டிருந்தது, அம்பலவாணன் ஒரு பாட்டுத் தாளின் முதுகில், தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மோனை இல்லாத ஒரு வரியை, நேரமில்லாத காரணத்தால் மட்டுமே எழுதினார்: "வாங்க, உள்ளே போகலாம்." செத்த முடிவு இருந்த தாள்களைக் கிழித்துப் போட்டார்கள், சுபமும் அதோடு போயிற்று. பாட்டுத் தாளில் சுபம் இல்லை, ஆகவே அட்டை எடுக்கப்படவில்லை. பெரிய ஊர் தியேட்டர்களில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே ஜோடி சேர்ந்த உடனே அடுத்த காட்சிக்கு அவசரப்பட்டுத் திரையை இழுத்துவிடுவார்கள். ரவூப் பாய் அப்படிப்பட்டவர் இல்லை. சுபத்தைக் கண்ணால் பார்க்காமல் அவர் ஒரு படத்தையும் முடித்ததில்லை.

ஆக, படம் ஓடியது. மெஷினில் பின்னால் இருந்த சுருள் குறையவும் இல்லை, முன்னால் இருந்த சுருள் நிறையவும் இல்லை, தனபாக்கியம் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஒரே பெட்டி வாடகையில தினம் ஒரு புதுப்படம். கேள்வி கேக்காத, பாய்," என்று மட்டும் சொன்னார். மாலையானால் பெண்கள் முறத்தில் அரிசியும் அவரைக்காயுமாக வந்து, கல் பொறுக்கிக்கொண்டும் நார் உரித்துக்கொண்டும் பூங்கோதை கல் பொறுக்குவதையும் நார் உரிப்பதையும் பார்த்தார்கள். இடம் பிடிக்க மணலில் துண்டு போடுகிற வழக்கம் போய், அவரவர் துண்டு அவரவர் இடத்திலேயே நிரந்தரமாகக் கிடந்தது. எழிலன் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதப் போனான். ஜெயிலிலிருந்து நன்னடத்தையில் வெளிவந்த மார்த்தாண்டன் அதே தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்தான்; முதலில் தெருவும் திடலும் அவனை முறைத்தன, பிறகு பஞ்சர் ஒட்டுவதில் அவனுடைய கைநேர்த்தியைப் பார்த்து இரண்டும் மன்னித்தன. கேளிக்கை வரி அதிகாரி ஒருவர் சான்றிதழில் கண்ட நீளத்துக்கு மேல் படம் ஓடுவது குறித்து விசாரிக்க வந்து, பூங்கோதை ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்ததைப் பார்த்து, அது ஊறும்வரை விசாரணையை ஒத்திவைத்தார். பூங்கோதையாக நடித்திருந்த நடிகையிடம் சென்னைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, "அது நான் இல்லை, எனக்குப் பூண்டு உரிக்கத் தெரியாது," என்று உண்மையைச் சொன்னார்.

நஷ்டப்பட்ட ஒரே ஆள், கூடாரத்து வாசலில் முறுக்கு விற்ற சின்னப்பொண்ணு. ரீலுக்கு ஒரு இடைவேளை விட்ட காலம் போய், இப்போது விளக்குப் போடுவதே அவர்கள் தூங்கிய பிறகுதான்.

"எவ வீட்டுல எவளோ சமைக்கிறதப் பாத்தே இவங்களுக்கு வயிறு ரொம்பிடுது. எம் முறுக்கு நமுத்துப் போவுது," என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

பிறகு பூங்கோதைக்கு நாள் தள்ளியது. சுவரில் சாய்ந்து அவள் சாம்பலைத் தின்றபோது திடலே சிரித்தது. பிறகு, மாதம் ஏற ஏற, திடலுக்கு ஒரு கவலை வந்தது. வளைகாப்பு செய்யத் தாய்வீடு வேண்டும். பூங்கோதையின் அம்மாவை அம்பலவாணன் இரண்டாவது ரீலிலேயே, அதிர்ச்சியான ஒரு செய்தியைச் சொல்லி, நெஞ்சைப் பிடிக்கவைத்துக் கொன்றிருந்தார்.

சென்னையில் வேறு ஒரு கவலை. பட முதலாளி கோவிந்தராஜுலுவின் புதிய படம் ஓடிய தியேட்டர்களில் ஈ ஓட்டினார்கள். சுற்றுவட்டாரத்து ஜனம் முழுக்க பஸ் பிடித்துச் சாத்தம்பாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னால், "படம் ஓடிக்கிட்டு இருக்கையில பெட்டி கட்ட மாட்டேன்," என்று ரவூப் பாய் பதில் அனுப்பினார். முதலாளி அம்பலவாணனைக் கூப்பிட்டார்.

"யோவ் அம்பலம், உன் வசனத்துக்கு இப்ப மவுசு இல்ல, தெரியுமில்ல? எல்லாரும் சுருக்கமா எழுதற பசங்களத் தேடிப் போறாங்க."

"தெரியும்."

"இருந்தாலும் அடுத்த படம் உனக்குத்தான்னு வெச்சிருக்கேன். போஸ்டர்ல உன் பேரு கதாநாயகன் பேரு அளவுக்கு. ஆனா மொதல்ல அந்த ஊருக்குப் போயி ஒரு சுபத்த எழுதிட்டு வா. நீ எழுதினாத்தான் நிக்குமாம்."

"எழுதினா அவங்க என்ன ஆவாங்க?"

"எவங்க?"

"பூங்கோதையும் எழிலனும்."

"மத்த படத்துல எல்லாம் என்ன ஆனாங்க? அதான் ஆவாங்க."

மற்ற படங்களில் என்ன ஆனார்கள் என்பதை அம்பலவாணன் அதுவரை யோசித்ததில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். வேலை இல்லாமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இந்தப் படமும் கைவிட்டுப் போனால் ஆடுதுறைக்குத் திரும்பி அண்ணனின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான். சுபம் என்பது மூன்று எழுத்து. அதை எழுத அவருக்கு ஒருநாளும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை.

"ஊர் எப்படின்னு தெரியல, வெத்தலை வாங்கிக்கலாமா?" என்றாள் கூட வந்த செண்பகம்.

"வெற்றிலையா இப்போது வேண்டுவது, வேதனையில் வெந்துகொண்டிருக்கும்..."

"சரி, நானே வாங்கிக்கிறேன்."

ரயிலை விட்டுப் பஸ் பிடித்துச் சாத்தம்பாடியில் இறங்கியபோது, வந்தவர் யார் என்பது பஸ் நிற்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. மாலை போடுவார்கள் என்று நினைத்தார். மாலையும் போட்டார்கள், போட்டுவிட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீங்கதானா அந்த அம்மாவைக் கொன்னது?" என்றாள் ஒருத்தி.

"எந்த அம்மாவை?"

"பாரு, ஞாபகம்கூட இல்ல. பூங்கோதையோட அம்மாவத்தான். இன்னைக்குச் சாயங்காலம் வளைகாப்பு. அண்ணன் தம்பி உண்டா? அதுவும் கிடையாது. ஒத்தப் பொண்ணா பெத்துப் போட்டு, ஆத்தாளையும் கொன்னுட்டு, மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டா ஆச்சா? பொண்ணப் பெத்தவரு நீங்கதான். வளையல் யாரு போடறது?"

கோர்ட்டுக் காட்சிகளில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களை மூன்று பக்கம் பேசவைத்து நடுங்கவைத்தவர், திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தாள். "நான் போடறேன்," என்றாள். "இங்க வளையல் கடை எந்தப் பக்கம்?"

அன்று மாலை கூடாரம் கொள்ளவில்லை. பெஞ்சுக்காரர்களும் மணலுக்கு வந்துவிட்டார்கள். அம்பலவாணன் தன் துண்டை விரித்து நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் செண்பகம், மடியில் வளையல் பெட்டியோடு. திரையில், பூங்கோதை பெரிய வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எழிலன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"புளி சாதத்துக்கு உப்பு போட்டியா?" என்றான்.

"நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீ போட்டேன்னு நெனச்சேன்."

"அப்ப ஒருத்தரும் போடல," என்றாள் பூங்கோதை, சிரித்தாள், அவனும் சிரித்தான்.

இதில் மோனை இல்லை, எதுகை இல்லை, ஓர் உவமைகூட இல்லை என்பதை அம்பலவாணன் தொழில்முறையில் கவனித்தார். இது வசனமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் ஊரே உப்புக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது, செண்பகமும் சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துவிட்டு, இல்லை, அவள் சிரித்ததைத் தான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று திருத்திக்கொண்டார். பிழை திருத்துவதில் அவர் எப்போதும் கறார்.

செண்பகம் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் இருந்த தட்டில் வளையல்களை வைத்துக் குங்குமம் இட்டாள். பிறகு அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஒருவர் கைக்கு ஒருவர் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கிலுகிலுப்பு முடிந்து எல்லோரும் நிமிர்ந்தபோது பூங்கோதையின் கைகளிலும் முழங்கை வரைக்கும் வளையல் இருந்தது. தட்டு காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ரவூப் பாய் மெஷின் அறையிலிருந்து இறங்கி வந்து அம்பலவாணன் பக்கத்தில் குந்தினார். விளம்பரம் காட்டுகிற கண்ணாடிச் சிலைடு ஒன்றை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கறுப்பாக்கிக் கொண்டுவந்திருந்தார்; கூட ஒரு கோணி ஊசி.

"இதுல கீறிக் குடுத்தாப் போதும், எழுத்து வெளிச்சமா விழும். உங்க கையெழுத்து இல்லாம நிறுத்த எனக்கு மனசு வராது, அதான் இத்தன நாளும் ஓட்டினேன்," என்றார். அடங்கின குரலில், "மனசு இருந்தா எழுதுங்க. இல்லாட்டியும் எழுதித்தான் ஆகணும்னு மெட்ராஸ்ல சொல்லி அனுப்பியிருக்காங்க," என்றும் சொன்னார்.

கூடாரம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரும் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவருக்கு மூன்று பக்கம் பதில் பேச வசதியாக இருந்திருக்கும். அவரவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசியைக் கையில் வாங்கினார். காசத்திலும் கிணற்றிலும் போனவர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. திரையில் பூங்கோதை வளையல் கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ மாதிரி இருக்குங்க," என்றாள்.

"இப்பவேவா? இன்னும் நாள் இருக்கே," என்று திடலில் யாரோ பதறினார்கள்.

அப்போது செண்பகம் எழுந்து நின்றாள். "எனக்கு ஒண்ணு கேக்கணும்," என்றாள், ஊரைப் பார்த்து. "அந்தப் பொண்ணுக்கு வலி வந்தா, இத்தனை பேரும் மணல்ல உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருப்பீங்களா? அவளும் ஊரே பாக்கத்தான் பெத்துக்கணுமா?"

சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர், "அது சரிதான். நாங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்," என்றார்.

"எவ்வளவு நேரம் திரும்புவீங்க? கழுத்து வலிக்கும்," என்றாள் வாசலில் நின்ற சின்னப்பொண்ணு. "எழுந்து வெளிய வாங்கய்யா எல்லாரும். முறுக்கு திங்கலாம், சோடா குடிக்கலாம். பொண்ணு நிம்மதியா பெத்து எழுந்திருக்கட்டும்."

அம்பலவாணன் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். ரவூப் பாய் விளக்கை அருகில் பிடிக்க, புகைக் கறுப்பில் ஊசியை வைத்து, துதிக்கைச் சுழிபோடப் பழகிய கையைத் தடுத்து நிறுத்தி, வேறு ஒரு சொல்லைக் கீறினார். ரவூப் பாய் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"இது வந்தாலும் நான் விளக்குப் போட்டுத்தான் ஆகணும்," என்றார். "அதுதான் முறை."

"போடுங்க."

திரையில் பூங்கோதை மெதுவாக எழுந்து, "வாங்க, உள்ளே போகலாம்," என்று எழிலனின் தோளைப் பற்றிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சாத்திய கதவின்மேல், ஆடுதுறை அம்பலவாணனின் சொந்தக் கையெழுத்தில், வெள்ளை வெளேரென்று விழுந்தது: இடைவேளை.

விளக்கு எரிந்தது. மெஷினில் சுருள் தீர்ந்து, வால் நுனி சடசடவென்று அடித்துக்கொண்டது. எல்லோரும் அவரவர் துண்டை அவரவர் இடத்திலேயே விட்டுவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்கள். சின்னப்பொண்ணு அன்று கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள், விற்க ஒன்றும் மிச்சமில்லை.

பெட்டி சென்னைக்குப் போயிற்று. "முடிச்சிட்டியா?" என்றார் கோவிந்தராஜுலு. "பெட்டி வந்துடுச்சே," என்றார் அம்பலவாணன். பொய் சொல்லாமல் பதில் சொல்வது எப்படி என்று கோர்ட்டுக் காட்சிகள் அவருக்குக் கற்றுத்தந்திருந்தன. ஜனங்கள் புதிய படங்களுக்குத் திரும்பினார்கள், அடுத்த படமும் சொன்னபடி வந்தது, போஸ்டரில் பெயர் பெரிதாக வந்தது. அதில் ஒரு வழிப்போக்கனுக்குத் தாகம் எடுத்தபோது அவன், "கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றான். அவள் கொடுத்தாள். வசனம் அவ்வளவுதான். முதலாளி தாளைப் புரட்டிப் பார்த்து, மீதி எங்கே என்று கேட்டார். மீதி இல்லை. அந்தப் படமும் ஓடியது, அதற்குப் பிறகு எழுதியவையும் சுமாராக ஓடின. யாரும் அவற்றை மனப்பாடம் செய்யவில்லை, ஏனென்றால் அவை ஏற்கெனவே எல்லோருக்கும் பாடமாக இருந்தன. கதாநாயகிகளுக்கு இருமல் வந்தால் கஷாயம் கொடுத்தார்கள், சரியாயிற்று. சுபம் எழுதுகிற வேலையை மட்டும் அவர் ஓவியர்களிடம் விட்டுவிட்டார்.

தனபாக்கியம் அம்மாள் உரிமம் முடிந்து கூடாரத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோனார். திடலை அளக்க வந்த நில அளவைக்காரர், வெட்டவெளி மணலில் வரிசையாகக் கிடக்கும் துண்டுகள் யாருடையவை என்று கேட்டார். படம் பார்க்கிறவர்களுடையவை, இடைவேளைக்கு வெளியே வந்திருக்கிறோம், என்றார்கள். அவர் அந்த இடத்தை விட்டுச் சுற்றிக்கொண்டு அளவுச் சங்கிலி போட்டார். இன்றைக்கும் சாத்தம்பாடிக்காரர்கள் மழைக்கும் வெயிலுக்கும் நைந்த துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுத் துண்டு போடுகிறார்கள். தகப்பன் துண்டு மகனுக்கு வருகிறது, அதில் சில பாகப்பிரிவினைத் தகராறுகளும் உண்டு.

கோடம்பாக்கத்து வீட்டில், வயதான பிறகு, சில மாலைகளில் செண்பகம் கேட்பாள்: "பிறந்திருக்கும் இல்ல?"

"பிறந்திருக்கும்."

"என்ன குழந்தையோ."

ஒரு காலத்தில் இதற்கு மூன்று பக்கம் பேசியிருக்கக்கூடியவர், "இடைவேளை மணி அடிக்கட்டும், போய்ப் பாப்போம்," என்பார்.

"போனா இடம் கிடைக்குமா?"

"துண்டு போட்டிருக்கேன்," என்பார் அம்பலவாணன், எழுந்து பால் திரிந்திருக்கிறதா என்று பார்க்கப் போவார்.